பத்து மணி டீ குறித்த ஆய்வறிக்கை

செயற்கை இனிப்பு உடம்புக்குக் கெடுதலா இல்லையா என்று மருத்துவ உலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த கேள்விக்கு, மணலூர்பேட்டைக்குத் தெற்கே ஒரு கரும்புக்கொல்லை வரப்பில் வைத்துப் பதினேழே நாளில் விடை கண்டவர்கள் நாங்கள். வெளிநாடுகளில் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் இதற்காக எலிகளைக் கூண்டில் அடைத்துவைத்து மாரடிக்கிறார்கள். எங்களுக்கு எலி தேவைப்படவில்லை. இந்தப் பெருமையை வெளியே சொல்லித் தொலைக்காதீர்கள் என்று என் மனைவி சின்னப்பொண்ணு சொல்கிறாள். ஆனால் சங்கத்தின் செயலாளர் தங்கதுரை என்ற முறையில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு அதிகாரம் இல்லை.

சங்கத்தின் முழுப்பெயர் 'கரும்பு விவசாயிகள் ஆரோக்கிய விழிப்புணர்வுச் சங்கம்'. உறுப்பினர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேருக்கும் கரும்பு உண்டு, எட்டுப் பேருக்கும் சுகரும் உண்டு. ஊருக்கெல்லாம் இனிப்பு விளைவித்துத் தந்துவிட்டு, நாங்கள் காலையில் பாகற்காய்ச் சாறு குடித்து வாழ்கிற தியாகிகள். 'பயிரிடுவோம், தொடமாட்டோம்' என்பதே எங்கள் முழக்கம். சங்கக் கட்டடத்தின் முகப்பில் பச்சைப் பெயின்டில் எழுதியிருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் தலைவர் ஆதிமூலத்தின் மாப்பிள்ளை சென்னையிலிருந்து நாற்பது டப்பா இனிப்பு மாத்திரை அனுப்பிவைத்தார். ஒரு டம்ளர் டீக்கு ஒரு மாத்திரை. டப்பா மேலேயே 'கலோரி பூஜ்யம்' என்று போட்டிருந்தது. தலைவர் அதை விரலால் தடவித் தடவிப் படித்தார். "பூஜ்யத்தைக் கண்டுபுடிச்சதே நம்ம நாடுதான்யா. இப்பத்தான் அது நம்ம டம்ளருக்குத் திரும்பி வந்திருக்குது" என்று உணர்ச்சிவசப்பட்டார். ஆறு மாதம் அந்த டீயைக் குடித்துச் சொர்க்கத்தில் இருந்தோம்.

அப்புறம்தான் துணைத் தலைவர் தங்கமணி ஒரு பேப்பர் நறுக்கோடு கூட்டத்துக்கு வந்தார். இந்த மாதிரி இனிப்புகளை எடை குறைக்க நம்பாதீர்கள், ரொம்ப நாள் சாப்பிட்டால் வேறு சிக்கல்கள் வரலாம் என்று உலகத்துச் சுகாதாரப் பெரியவர்கள் கவலைப்படுவதாக அதில் இருந்தது. நான் உரக்கப் படித்தேன். கூட்டத்தில் டீ உறிஞ்சும் சத்தம் நின்றுபோனது.

"கேன்சர் வருமாய்யா?" என்றார் தலைவர்.

"வரும்னு சொல்லல. வராதுன்னும் சொல்லல. ஒருவேளை வரலாம்னு போட்டுக்கிறான்" என்றார் தங்கமணி.

"ஒருவேளைன்னா எந்த வேளை? காலைல குடிக்கற டீயா, சாயந்தரம் குடிக்கறதா?"

"அதத்தான் இன்னும் கண்டுபுடிக்கலயாம். நீண்ட கால ஆய்வு வேணும்னு எழுதிக்கிறான்."

தலைவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். மற்ற ஏழு டம்ளர்களும் வயது வரிசைப்படி கீழே இறங்கின. மீதி முப்பத்திரண்டு டப்பாவை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கொட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது தலைவர் முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை அன்பாக அனுப்பியது. தவிர, ஒரு பொருளை வீணாக்குவது எங்கள் மண்ணின் பண்பாடு அல்ல. கடைசியில் தங்கமணிதான் வழி சொன்னார்.

"வெட்டு ஆளுங்க வந்துக்கிறாங்க இல்ல?"

ஒவ்வொரு ஆண்டும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து எங்கள் கரும்பை வெட்டித் தருகிறவர்களைத்தான் சொன்னார். மேஸ்திரி காசிநாதனோடு சேர்த்து இருபத்திமூன்று பேர். மூன்று மாதம் கொல்லையிலேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். ஒரே இடம், ஒரே வேலை, ஒரே டீ. ஆய்வுக்கு இதைவிடத் தோதாக யார் கிடைப்பார்கள்? தீர்மானம் எண் 4 ஏகமனதாக நிறைவேறியது: 'உழைக்கும் மக்களின் ஆரோக்கியத்தை முன்னிட்டு, பத்து மணி டீயில் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரை இலவசமாக வழங்கப்படும். விளைவுகளைச் செயலாளர் குறித்துவருவார்.'

பத்து மணி டீயைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசி வெயில் ஏறுவதற்குள் வெட்டியாக வேண்டும் என்பதால் அவர்கள் விடிவதற்கு முன்பே கத்தியோடு இறங்கிவிடுவார்கள். கஞ்சி பன்னிரண்டு மணிக்கு மேல்தான். நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டால் லாரி லோடு தவறும், சர்க்கரை ஆலை கொடுத்த தேதி தவறும். ஆகவே டீக்கடை பூமாலை பத்து மணிக்குப் பெரிய அலுமினிய கேனில் டீ கொண்டுவருவார். நின்றபடியே குடித்துவிட்டு மறுபடி வெட்டுவார்கள். இந்த ஏற்பாடு எங்கள் அப்பன், பாட்டன் காலத்திலிருந்து சிறப்பாக நடந்துவருகிறது.

தீர்மானத்தைச் சொன்னதும் பூமாலை தலையைச் சொறிந்தார்.

"ஐயா, நான் அவங்களுக்கு டம்ளருக்கு மூணு ஸ்பூன் சக்கர போடறேன். அது டீக்கு இல்லீங்க, வவுத்துக்கு."

"மாத்திரையும் இனிக்கும்யா."

"இனிக்குங்க. நிக்குமா?"

விஞ்ஞானம் படிக்காதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று நான் அதைக் குறிக்கவில்லை. ஆனால் ஆய்வின் தூய்மை கெடக் கூடாதே என்று ஒரு விதிமுறை சேர்த்தேன். ஆய்வு நடக்கும்வரை வெட்டு ஆட்கள் கொல்லையில் கரும்பு கடிக்கக் கூடாது.

"கரும்பு வெட்டறவன் கரும்பு துன்னக் கூடாதுங்களா?" என்றார் மேஸ்திரி காசிநாதன்.

"உங்க நல்லதுக்குத்தான்யா."

"செரிங்க. நல்லதுன்னா செரிங்க" என்றார். நல்லது என்று சொன்னால் சரி என்று சொல்லும் மக்கள்மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

ஆய்வின் ரத்தினம் என்று சாலம்மாளைத்தான் சொல்ல வேண்டும். நாற்பது வயதிருக்கும். வெட்டில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. போன மாதம் சுகாதார நர்ஸ் கமலா ரத்தம் பார்த்ததில் அவளுக்கும் சுகர் என்று தெரிந்து, சுகர் மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வெறும் வயிற்றில் போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னாளாம். சாலம்மாளும் ஒழுங்காகப் பத்து மணி டீயோடு போட்டுவந்தாள். டீ குடித்த வயிறு வெறும் வயிறு இல்லை என்பது அவள் கணக்கு. சுகர் உள்ள பெண்ணுக்குச் சர்க்கரை இல்லாத டீ! இது இவளுக்காகவே இறங்கி வந்த தீர்மானம் என்று தலைவர் பூரித்துப்போனார்.

நான்காம் நாள் சாலம்மாள் என்னிடம் வந்தாள்.

"ஐயா, டீ நல்லாத்தான் இனிக்குது. ஆனா குடிச்சதும் குடிக்காததும் ஒண்ணாக்கீது. பதினோரு மணிக்கெல்லாம் கை நடுங்குது. கத்தி புடிக்கற கைங்க."

"புதுசா இருக்கறதால அப்படித் தோணும்."

"பழைய சக்கரயே போடச் சொல்லுங்க. இல்லன்னா பத்து மணிக்கு ஒரு வா கஞ்சி குடிச்சிக்கறோம்."

கஞ்சிக்கு உட்கார்ந்தால் ஆய்வு கெடாது, லோடு கெட்டுவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். நோட்டில் 'நாள் 4: ஒருவருக்கு லேசான மனப்பிரமை' என்று எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் நாளும் வந்து கேட்டாள். பதிமூன்றாம் நாள் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போனாள். நோட்டில் 'புகார்கள் குறைந்துவருகின்றன' என்று எழுதினேன்.

பதினேழாம் நாள் பதினொன்றரை மணிக்குச் சாலம்மாள் கரும்போடு கரும்பாகச் சாய்ந்தாள். நல்லவேளை, கத்தி காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. நான் உடனே கமலாவுக்குப் போன் செய்தேன். பொறுப்பான செயலாளர் செய்ய வேண்டியது அதுதானே.

"சுகர் கம்மியாயிருக்கும் ஐயா. முழிப்பு இருக்குதா? முழுங்கறாங்களா? அப்ப ஒடனே இனிப்பா எதனா குடுங்க. நான் வந்துக்கினே இருக்கேன்."

"பூமாலை, டீ ஊத்து" என்றேன்.

பூமாலை ஊற்றினார். சாலம்மாள் குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. இனிப்பு போதவில்லையோ என்று இன்னும் நான்கு மாத்திரை போடச் சொன்னேன். அதையும் குடித்தாள். இனிக்கிறதா என்று கேட்டேன், இனிக்கிறது என்று தலையாட்டினாள். ஆட்டிய தலை அப்படியே தொங்கிவிட்டது.

அப்போதுதான் கொளஞ்சியம்மாள், பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்தவள், விதிமுறையை மீறினாள். ஒரு கரும்பை எடுத்தாள். கணுவை நறுக்கித் தோலைச் சீவி, கத்தியின் பின்பக்கத்தால் கல்லில் வைத்து நச்சு நச்சென்று நசுக்கினாள்.

"கொளஞ்சி, ஆய்வு நடக்குதும்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இந்தக் கொல்லில இன்னா கம்மி? சுத்திச் சுத்தி ஆளு ஒசரத்துக்குச் சக்கர நிக்குது. நடுவுல இவ சக்கர இல்லாம சாவறா. தள்ளி நில்லுங்க" என்றாள்.

தள்ளி நின்றேன். அவள் சாலம்மாளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கரும்பை முறுக்கி முறுக்கி உதட்டில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். மூன்று கரும்பு ஆனது. நான்காவது கரும்பில் சாலம்மாள் கண்ணைச் சிமிட்டி, "கத்தி எங்க?" என்று கேட்டாள்.

கமலா ஸ்கூட்டரில் வந்து விரலில் குத்திப் பார்த்தாள். அப்போதும் அளவு குறைவாகவே இருந்தது. கமலாவின் முகம் வெளுத்துவிட்டது.

"வெறும் வவுத்துல மாத்திர போடாதன்னு சொன்னேன் இல்ல சாலம்மா?"

"வெறும் வவுறு இல்லம்மா. டீ குடிச்சன்."

"அந்த டீல இன்னா இருந்துச்சி?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி அங்கே எனக்கு மட்டுமே இருந்தது. "பூஜ்யம்" என்றேன். பிறகு ஆய்வைப் பற்றி விவரமாகச் சொன்னேன். எலிகளைப் பற்றியும் சொன்னேன். கமலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த எலிங்களுக்கெல்லாம் வேளைக்குச் சோறு போடுவாங்க ஐயா" என்றாள். சின்னப் பெண், கோபத்தில் இருந்தாள். நான் பெரிதுபடுத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து அறிக்கையை நிறைவேற்றக் கூட்டம் கூடியது. நானே எழுதிய அறிக்கை. 'பங்கேற்ற இருபத்திமூவரில் ஒருவர் விதிமுறைக்குப் புறம்பாகக் கரும்புச் சாறு அருந்தியதால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டார். எஞ்சிய இருபத்திரண்டு பேரில் எவரும் கீழே விழவில்லை. ஆகவே இனிப்பு மாத்திரையால் மனித உடலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.' தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். உலகத்துக்கே அனுப்பலாம் என்றார்.

அந்த நேரம் பார்த்துக் காசிநாதனும் சாலம்மாளும் வாசலில் வந்து நின்றார்கள்.

"நாளைலருந்து டீல சக்கர வேணுங்க. பத்து மணிக்குக் கஞ்சி குடிக்க அர மணி வேணும். இல்லன்னா நாங்க கத்தி எடுக்கல" என்றார் காசிநாதன்.

"ஏன்யா, மாத்திரை நல்லதுன்னு இப்பத்தான நிரூபணம் ஆச்சி" என்றார் தலைவர்.

"நெசமாவா?" என்றாள் சாலம்மாள்.

"எழுதியே வெச்சிட்டோம்மா."

அவள் எதிரே பூமாலை கடைக்குப் போனாள். ஒரு தட்டில் எட்டு டம்ளரோடு திரும்பி வந்தாள். ஆவி பறந்தது. ஆளுக்கு ஒன்றாக எங்கள் முன்னால் வைத்தாள்.

"மாத்திர போட்டதுங்க. குடிங்க."

தங்கமணி வீட்டிலேயே குடித்துவிட்டு வந்துவிட்டாராம். ஒருவருக்கு விரதம். ஒருவருக்குப் பல் கூச்சம். தலைவர் சூடு ஆறட்டும் என்றார். நான் டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோனேன். அந்த 'ஒருவேளை' ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். டீயில் ஆடை படிந்தது.

"இது கெடுதியா இருக்குமோன்னு பயந்துதான எங்களுக்குக் குடுத்தீங்க" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். காசிநாதன் எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பின்னால் போனார்.

மறுநாளே லோடு ஏற்ற வேண்டியிருந்ததால் சர்க்கரையும் கஞ்சி நேரமும் ஏகமனதாக வழங்கப்பட்டன. பிறகு அறிக்கையில் 'எந்தக் கெடுதலும் இல்லை' என்ற வரிக்குக் கீழே எட்டுப் பேரும் கையெழுத்திட்டோம். காகிதத்தை விரிக்க மேசையில் இடமில்லாமல் டம்ளர்களை ஓரத்துக்கு நகர்த்த வேண்டியிருந்தது. எட்டும் விளிம்புவரை நிறைந்திருந்ததால், அறிக்கைமேல் ஒரு சொட்டும் சிந்தாமல் நகர்த்துவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.