பல் தெரியாத சிரிப்பு

“எதுக்கு சிரிச்சே?” என்றார் மேனேஜர்.

“சிரிக்கல சார். மன்னிப்புக் கேட்டேன்.”

“மன்னிப்பை வாயால கேக்கணும். இளிச்சுக்கிட்டா நிக்கிறது?”

சட்டைக் கம்பெனியின் செக்கிங் மேசையில் பட்டம் படித்தவள் அவள் ஒருத்திதான். அதனால் பெயரே டிகிரி. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஆய்வாளர் அம்மாள். இன்று காலை, காலர் அளவு தப்பு என்று இருநூறு சட்டைகளைத் தள்ளிவிட்டு அந்த அம்மாள் கத்தியபோதுதான், டிகிரி தலைகுனிந்து உதட்டை மூடிச் சிரித்தாள்.

தப்பு தன்னுடையதா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மூட்டை தூக்கும் அப்பா திட்டினால் வீட்டில் அப்படித்தான் நிற்க வேண்டும். சிரிக்காமல் நின்றால், “என்னடி முறைக்கிறே?” என்று இன்னும் நாலு விழும். மூன்று வருடம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த கல்லூரியில், முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.

“அந்தம்மா ஊர்ல அது நக்கல். நாளைக்கு மூஞ்சியை இறுக்கமா வெச்சுக்க.”

செவ்வாய்க்கிழமை இறுக்கமாக வைத்துக்கொண்டாள். அம்மாள் இரண்டடி பின்வாங்கினார்.

“அடிக்கப் போறவ மாதிரி நிக்கிறே! கண்ணை நேராப் பாரு, போதும்” என்றார் மேனேஜர்.

புதன்கிழமை இமைக்காமல் பார்த்தாள். அம்மாள் அளவு டேப்பை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியேறினார்.

“பல்லு தெரியச் சிரிக்க வேண்டியதுதானே?”

“சிரிக்காதேன்னீங்களே சார்?”

“அது வேற சிரிப்பு.”

வியாழக்கிழமை பல் தெரியச் சிரித்தாள். குண்டூசி குத்தி ரத்தம் வந்த தன் விரலை அம்மாள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

வெள்ளிக்கிழமை அம்மாள் ஒரு ஃபைலோடு வந்தார். மேசையைச் சுற்றி நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முன்னால் நின்றார். தலையைக் குனிந்தார். உதட்டை மூடிக்கொண்டு சிரித்தார்.

டிகிரிக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“நான் சிரிச்சா நக்கல், நீங்க சிரிச்சா மரியாதையா? உங்க மூஞ்சிக்குப் பயந்து சாகவா எங்கப்பா மூட்டை தூக்கினாரு?”

அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் எறிந்தாள். அம்மாளின் உதடு சிரித்தபடியே இருந்தது. கண் மட்டும் கலங்கியது. ‘நல்லா நடி’ என்று நினைத்தபடி வாசலுக்கு நடந்தாள்.

அங்கே அம்மாளின் டிரைவர் காரின் பின்பார்வைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக்கிட்டு உள்ள வந்தாங்களே, குடுத்துட்டாங்களா?”

“குடுத்துக் கிழிச்சாங்க! எல்லார் முன்னாடியும் என்னைப் பாத்து நக்கலா சிரிக்கிறாங்கண்ணே.”

டிரைவரின் கை நின்றது.

“நக்கலா? பழைய அளவுத்தாளை வெச்சுப் பாத்துட்டு உன்னைத் திட்டிட்டாங்களாம். ‘இங்க எப்படி மன்னிப்புக் கேப்பாங்க’ன்னு போன்ல மொழிமாத்திக் கேட்டாங்க, நான்தான் சொன்னேன். வர்ற வழியெல்லாம் இந்தக் கண்ணாடியைப் பாத்துதாம்மா அந்தச் சிரிப்பைப் பழகிக்கிட்டு வந்தாங்க.”