கொண்டக்டரின் புல்லு ஹோல்ட்டுகள்

ஓடுகிற வெள்ளத்தைச் சத்தம் போட்டு நிறுத்த முடியுமா? முடியாது என்றுதான் படித்தேன். ஆனால் கலியாணம் முடித்துக் கரம்பொனுக்கு வந்து, எங்கள் ஒடுக்கமான ஒழுங்கையில் சில மாரிமழைகள் பார்த்த பிறகு, அப்படி உறுதியாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மழைத்தண்ணீரை பஸ் என்று நம்பிய ஒரே மனிதர் தீவுப்பகுதியிலேயே எங்கள் கொண்டக்டர்தான். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கலியாண அழைப்பிதழில்கூட 'கொண்டக்டர் குடும்பம்' என்றே எழுதிக் கொடுப்பார்கள். காரைநகர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். பஸ் அவரை விட்டாலும் அவர் பஸ்ஸை விடவில்லை.

நான் கைப்பிள்ளையோடு இங்கே வந்த புதிதில் ஒரு மழைநாள். ஒழுங்கையோரத்து வெள்ளவாய்க்கால் பக்கத்தில் ஒருவர் குடையோடு நின்று, தண்ணீரைப் பார்த்துக் கத்துகிறார்:

"இறங்கிற ஆக்கள் இறங்குங்கோ! தள்ளுப்படாமல் இறங்குங்கோ!"

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைப் பூட்டினேன். கணவர் சிரித்தார். "பயப்பிடாதையும். அவர் மண்ணை இறங்கச் சொல்லுறார்."

பிறகு கொண்டக்டரே எனக்கு விளங்கப்படுத்தினார். "தண்ணி பஸ், பிள்ளை. மண்தான் பயணி. கரையிலை நிக்கிற ஒவ்வொரு புல்லும் ஒரு ஹோல்ட், பஸ் நிக்கிற இடம். தண்ணி ஒவ்வொரு ஹோல்ட்டிலையும் நிண்டு நிண்டு போனால் மண் இறங்கிவிடும். புல்லில்லாட்டி எக்ஸ்பிரஸ். கரையையும் அரிச்சு ஏத்திக்கொண்டு போய்க் குளத்திலைதான் எல்லாத்தையும் கொட்டும்."

"கொட்டினால் என்ன அண்ணை?"

"குளம் தூர்ந்தால் மழைத்தண்ணி எங்கை தங்கும்? நேரே கடலுக்குத்தான். பிறகு உம்மட கிணறும் உவராகும். பிள்ளைக்கு உப்புத் தண்ணியிலையோ பால்மா கரைச்சுக் குடுக்கப் போறீர்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் எனக்குத் தேத்தண்ணீரும் உப்பாகத் தெரிந்தது.

எங்கள் ஊரில் துப்பரவு என்றால் ஒரு புல்லும் நிற்கக்கூடாது. வெறும் மண் தெரிய மண்வெட்டியால் செருக்கி, ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு விழக் கூட்டினால்தான் அது நல்ல குடும்பத்து வீட்டுவளவு. கோயில் திருவிழாவுக்கு முன்னர் பக்கத்து வீட்டுப் பாக்கியமக்காவின் தலைமையில் பெண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு இறங்கி, வாய்க்காலின் இரண்டு கரையையும் மொட்டையடித்தோம். புல்லுக்குள் பாம்பு கிடக்கும், பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான் என்று நானும் உற்சாகமாகச் செருக்கினேன்.

கொண்டக்டர் வந்து தலையில் கை வைத்தார். "ஐயோ, எல்லா ஹோல்ட்டையும் கழட்டிப் போட்டியளே!"

"போங்கோ கொண்டக்டர்! திருவிழாவுக்குச் சனம் வரேக்கை ஒழுங்கை காடாக் கிடக்கிறதே?" என்றார் பாக்கியமக்கா.

அடுத்த பெருமழையில் வாய்க்கால் பால் தேத்தண்ணீராக ஓடியது. குளத்து வாயிலில் மண் நாக்குப்போல நீண்டு கிடந்தது. அதன்மேல் கொக்குகள் நின்றன.

கொண்டக்டர் போய் அறுகும் வெட்டிவேரும் கொண்டுவந்தார். கரையில் நட்டார். ஆர்வம் அடங்காமல் வாய்க்காலின் நடுவிலும் நெருக்கமாக நட்டார். அது வேர்பிடித்து அடர்ந்த பின் வந்த முதல் வெள்ளம், ஹோல்ட்டில் நின்றது. நின்றதுதான், போகவில்லை. திரும்பி எங்கள் வளவுக்குள் வந்தது.

சமைத்துக்கொண்டிருந்த நான் பிள்ளையைக் குசினி மேசையில் இருத்திக்கொண்டு கத்தினேன். "கொண்டக்டர் அண்ணை! தண்ணி குசினிக்கை வந்திட்டுது!" மிதக்கிற வாளியைப் பார்த்துப் பிள்ளை கை தட்டினான்.

முழங்கால் தண்ணீரில் கொண்டக்டர் வந்து பார்த்தார். "பிழை என்னிலைதான், பிள்ளை. ஹோல்ட்டை நடு றோட்டிலை வைச்சிட்டன்."

கொட்டுகிற மழையிலேயே நடுவில் நின்ற புல்லையெல்லாம் பிடுங்கிக் கரைக்கு மாற்றினார். தண்ணீர் வடிந்தது. குசினி நிலமெல்லாம் மாவரித்ததுபோல வண்டல். அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாரும், எவ்வளவு வடிவா இறங்கியிருக்கு!"

கழுவ வேண்டியவள் நான்.

ஆனால் அதன் பிறகு கரையில் புல், நடுவில் வழி. தண்ணீர் ஆறுதலாக, மெல்லப் போய்க் குளத்தில் தெளிந்து விழுந்தது. கிணறு இன்றைக்கும் நல்ல தண்ணீர். அதை என் நாக்கே ஒப்புக்கொள்கிறது. இப்போது யாராவது மண்வெட்டியோடு வந்தால் பாக்கியமக்காதான் முதலில் பாய்கிறார். "ஹோல்ட்டிலை கை வையாதேங்கோ!"

முழங்கால் வருத்தம் என்று கொண்டக்டரை அவருடைய மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். இங்கே மழை என்று கேள்விப்பட்டால் அங்கிருந்து போன் வரும். "பிள்ளை, தண்ணி என்ன நிறம்?"

"தெளிவு அண்ணை."

போன கிழமை கட்டாமல் திரிகிற கட்டாக்காலி மாடுகள் வந்து எங்கள் படலை வாசலுக்கு முன்னால் உள்ள கரையை மொட்டையாக மேய்ந்துவிட்டன. நேற்று மழை. தண்ணீர் மறுபடியும் தேத்தண்ணீர் நிறம். இன்றைக்கோ நாளைக்கோ போன் வரும். எனக்குப் பொய் சொல்ல ஏலாது. உண்மையைச் சொன்னால் அந்த முழங்காலோடு அடுத்த பிளேனில் ஏறிவிடுவார்.

மாடு மேய்ந்த கரையில் அறுகை விரைவாகப் பிடிக்க வைக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் ஆறுதலாக, நாள் எடுத்து எழுதினாலும் பரவாயில்லை. அதற்குள் அவர் ஒருமுறை வந்து, வாய்க்கால் கரையில் நின்று, எங்கள் எல்லோரையும் நன்றாக ஏசிவிட்டுப் போகட்டும்.