முதுகில் கொக்கி வைத்த பாட்டுச் சட்டை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே ஒருவரும் நலமில்லை. அங்கே நீங்கள் மட்டும் நலமாக இருந்தால் அது நியாயமுமில்லை.

உங்கள் மனைவி, அதாவது என் பெண், பெட்டியோடு வந்து சேர்ந்துவிட்டாள். நீங்கள் கண்டுபிடித்த பாட்டுச் சட்டையையும் கொண்டுவந்து மேசைமேல் எறிந்தாள். என்னம்மா என்றால், "தினம் இதை எனக்கு மாட்டிவிட்டு தெருவுல நடக்கச் சொன்னாருப்பா. காய்ச்சலோட நடந்தேன். ஸ்பீக்கர்ல காதை வச்சுக்கிட்டு பக்கத்துலயேதான் வந்தாரு. என் முகத்தை ஒரு தடவை பாக்கலை" என்றாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி, வைத்த சாப்பாடு வைத்தபடி.

ஒரு குடும்பத்தைக் குலைக்கிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானே மாட்டிக்கொண்டேன், புத்தி கெட்டுப்போய். நெஞ்சில் டேப் பெட்டி, தோளுக்கொரு ஸ்பீக்கர், முழங்காலிலிருந்து பெட்டிக்கு ஒரு கயிறு. நடந்தால் டேப் சுற்றும், நின்றால் நிற்கும். எல்லாம் சரி, கொக்கிகளை ஏன் முதுகில் வைத்தீர்கள்? மாட்டிவிட்ட எதிர்வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டார். பெண்ணோ தொடமாட்டேன் என்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்து என் பழைய மேனேஜர் செத்துப்போனார். போகாமல் இருக்க முடியுமா, மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். சவ ஊர்வலம் நகர்ந்த வேகத்துக்கும் என் முட்டிவலி நடைக்கும், உங்கள் கல்யாணத்தில் பாடிய அதே பாட்டு கோட்டுக்குள்ளிருந்து இழுத்து இழுத்து ஒப்பாரி வைத்தது. உத்தியோகத்துல என்னைத் தலையெடுக்க விடாத மனுஷன், அவருக்கு நான்தான் ரொம்ப அழுதேன்னு ஊரே சொல்லுது. அவர் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்களே இப்படி உடைஞ்சு போனா நாங்க என்ன பண்றது"ன்னு கேட்டாங்க. வெட்கம் தாங்காம வேகமா கிளம்பினேன். வேகமா நடந்தா பாட்டு தலைதெறிக்க ஓடுது மாப்பிள்ளை, சாவு வீட்டு வாசல்ல. அவரோட மூத்த பிள்ளை என்னை அடிக்காம விட்டது என் வயசுக்காக. வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலைத் தேடினேன். அப்போதுதான் மகள் எழுந்துவந்து கழற்றிவிட்டாள்.

ஆகவே, அந்தச் சட்டையைத் தலைமுழுகும்வரை என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். பெண்ணுக்கும் இதே எண்ணம்தான். வாயால் சொல்லவில்லை, பெற்றவனுக்குத் தெரியாதா.

நீண்ட ஆயுளும் ஒழுங்கான உத்தியோகமும் அமைய ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் அந்தச் சட்டையோடு வந்து முதுகைக் காட்டி நின்றாள். மாட்டிவிட்டேன். இப்போது கூடத்தில் நடக்கிறாள். பாட்டு இழுக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. கல்யாணத்தன்று கேட்டபடியே கேட்கிறது. அவள் நடைக்கு அளவெடுத்துச் செய்தது என்று யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அழுதுகொண்டே நடக்கிறாள். கழட்டட்டுமா என்றால், "செஞ்சவரே வந்து கழட்டட்டும்" என்கிறாள். மேலே எழுதியது எதையும் படிக்காமல் கிளம்புங்கள். அந்தக் கொக்கிகளோடு அவளால் சாய்ந்து உட்காரக்கூட முடியாது.