பிள்ளையாரோடு நின்ற பண்டிதர்

யாழ்ப்பாணத்தில் பண்டிதர்களுக்குப் பஞ்சமில்லை. பிழை பிடிக்கும் பண்டிதர், பிழை விடும் பண்டிதர், மாலை போட்டால் பேசும் பண்டிதர், போடாவிட்டாலும் பேசும் பண்டிதர் என்று எல்லா வகையும் உங்களுக்குப் பழக்கமானவைதான். நான் அறிமுகப்படுத்தப் போவது இவர்கள் எல்லாரையும்விடப் பெருகிக் கிடந்தும் ஒருவரும் பெயர் வைக்காமல் விட்ட ஓர் இனம். முதலேட்டுப் பண்டிதர்.

எதிலும் முதல் ஏட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான். பேப்பரில் தலைப்பு, புத்தகத்தில் முன்னுரை, சாதகத்தில் நட்சத்திரம், கலியாண வீட்டில் பந்தல். சம்பந்தம் பேச வந்தவர் "பொடியன் நல்லவன், ஆனா..." என்று இழுத்தால், "நல்லவன்" என்ற இடத்திலேயே எழும்பி நாள் பார்க்கப் போய்விடுவார். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதைப் பெண் கட்டின பிறகு கண்டுபிடித்துக்கொள்ளட்டுமே, அவளுக்கும் ஒரு வேலை வேண்டாமா?

அறுபதுகளில் நான் கணக்குப் படிப்பித்த கல்லூரியில் இந்த இனத்தின் திலகமாக விளங்கியவர் பண்டிதர் சோமசேகரம். கல்லூரி நூலகத்தில் இரண்டு அலுமாரி நிறைய ஓலைச்சுவடிகள் இருந்தன. அரசர் காலத்து நூல்கள் அதற்குள் கிடக்கின்றன என்று ஊரெல்லாம் பேச்சு. இவற்றுக்கு ஒழுங்கான பட்டியல் ஒன்று வேண்டும் என்று அதிபர் இராசநாயகத்துக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. பண்டிதருக்கு ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, பூட்டும் திறப்பும் கொடுக்கப்பட்டன. நாங்களும் நம்பினோம்.

அவர் வேலை செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். காலையில் முழுகி, நீறு பூசி, ஏட்டுக் கட்டைக் கண்ணில் ஒற்றி, கயிற்றை அவிழ்த்து, மேல் மரச்சட்டத்தை எடுத்து வைத்து, முதல் ஏட்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடிப்பார். நம்மவர் எழுதிய எந்த ஏட்டுக்கும் முதல் ஏட்டில் என்ன இருக்கும்? பிள்ளையாருக்குக் காப்பு இருக்கும். மாட்டு வைத்தியம் எழுதினாலும், பல்லி விழுந்த பலன் எழுதினாலும், ஆனைமுகனே துணை என்று கும்பிட்டுத்தானே நம்மவர் தொடங்குவார்கள்? பண்டிதர் அந்தக் காப்பைப் படிப்பார். கண் கலங்கும். கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பட்டியலில் எழுதுவார்: "விநாயகர் துதி. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. மிகப் பழையது."

அடுத்த கட்டு. "விநாயகர் துதி. ஆசிரியர் பெயர் தெரியவில்லை. மிகப் பழையது."

இரண்டாம் ஏட்டுக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்களா? பழைய ஏட்டில் எழுத்துக்குப் புள்ளி கிடையாது. வாசிக்கத் தலை வெடிக்கும். காப்பென்றால் பாதி மனப்பாடம். ஊரில் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் பண்டிதர் எந்தக் குரங்கைப் பிடித்தாலும் பிள்ளையாராகவே முடிந்தது. இரண்டு அலுமாரியும் பிள்ளையாராகிவிட, இப்படி ஒரு விநாயகர் இலக்கியக் களஞ்சியம் வேறெங்கும் இல்லை என்று அதிபர் பரிசளிப்பு விழாவில் முழங்கினார். நாங்களும் கை தட்டினோம்.

அப்போதுதான் அருந்ததி வந்தாள். எங்கள் பழைய மாணவி. தொண்டைமானாற்றில் பாய்க்கப்பல் ஓட்டிய தம்பிஐயாவின் மகள். கப்பல் கட்டுவது பற்றி அவர்கள் வீட்டிலிருந்த பழைய ஏடு ஒன்றைக் கறையானுக்குப் பயந்து தகப்பன் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார். அதை வைத்தே அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். தை பிறக்கமுன் மூல ஏட்டின் பாடத்தைக் காட்டாவிட்டால் பட்டம் இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஊரில் கடலோடி வீட்டுப் பெண் ஒருத்தி அந்தளவு தூரம் படித்தது அதுதான் முதல் தடவை.

"கப்பலோ? பிள்ளை, உங்கை கப்பலும் இல்லை, தோணியும் இல்லை. எல்லாம் பிள்ளையார்" என்றார் பண்டிதர்.

"அந்தா, உந்தக் கட்டுத்தான் ஐயா. சட்டத்திலை சுறாப் படம் வெட்டியிருக்கு. என்ரை அப்பு வெட்டினது."

பண்டிதர் கட்டை எடுத்தார், அவிழ்த்தார், முதல் ஏட்டை நீட்டினார்.

"நீயே பார். ஆரைப் பாடியிருக்கு?"

"பிள்ளையாரைத்தான். இரண்டாம் ஏட்டை ஒருக்காப் பாருங்கோவன் ஐயா."

"பிள்ளையாரைக் கண்ட கண்ணாலை பிறகு வேறை என்னத்தைப் பாக்கிறது?"

கட்டு அலுமாரிக்குள் போனது. அதிபரிடம் போனாள். பரிசளிப்பு விழாவில் முழங்கியதை அதிபர் எப்படி விழுங்குவார்? "பண்டிதர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று பத்தாம் வகுப்புக்கு அட்சரகணிதம் ஓடவில்லை.

அருந்ததி அழவில்லை. கார்த்திகையில் பிள்ளையார் பெருங்கதை விரதம் தொடங்குகிற நேரம் அது. இருபத்தொரு நாள், கோயிலில் ஒருவர் கதை படிக்க, மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்ல, சனம் இருந்து கேட்கும். அவள் பண்டிதரிடம் போய்ப் பணிவாகச் சொன்னாள்.

"ஐயா, இவ்வளவு துதியும் அலுமாரிக்குள்ளை கிடக்குது. முறையா விரதத்துக்குப் படிச்சா என்ன? நான் படிக்கிறன். நீங்கள் பயன் சொல்லுங்கோ."

பண்டிதர் உருகிப் போனார். நூலக மண்டபத்தில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, மோதகம் அவித்து, அமர்க்களம். எந்தத் துதியில் தொடங்குவது? அருந்ததி சுறா வெட்டிய சட்டத்தைக் காட்டினாள். நான் பக்கத்திலிருந்து அவள் படிப்பதை எழுதிக்கொண்டேன். பக்தி என்று நினைத்தார்கள்.

முதல் நாள் காப்பு. இரண்டாம் நாள் இரண்டாம் ஏடு. நல்ல இராகத்தில் படித்தாள்: கப்பலின் அடிமரத்துக்கு வேம்பு உகந்தது.

பண்டிதர் ஒரு கணம் விழித்தார். சபையில் அதிபர் இருந்தார், ஊர் இருந்தது. பயன் சொல்லத் தெரியாது என்று சொல்லலாமா? முதலேட்டுப் பண்டிதரின் வாயில் அந்தச் சொல் பிறந்ததே இல்லை.

"அடிமரம் எண்டது மூலாதாரம். அங்கை இருக்கிறது ஆர்? பிள்ளையார்."

அதிபர் தலையாட்டினார். பிறகென்ன, நாளுக்கு நாள் கப்பல் வளர்ந்தது. பாய்மரம் சுழுமுனையானது, பாய் திருவருளானது, கடல் பிறவியானது, பலகை இடுக்கில் தார் வைத்து அடைப்பது ஐம்புலன்களை அடக்குவதானது. மரத்தில் கணு இருந்தால் நடுக்கடலில் முறியும் என்று வந்த அன்று தம்பிஐயாவும் சபையில் இருந்தார்.

"அந்தக் கணு எண்டது என்ன ஐயா?" என்று கேட்டார்.

"ஆணவம்" என்றார் பண்டிதர்.

"ஓம். என்ரை வத்தைக் கப்பலிலையும் அது இருந்தது. காங்கேசன்துறைக்கு நேரை முறிஞ்சுது."

இருபத்தோராம் நாள் கப்பல் கடலில் இறங்கியது. ஏடு முடிந்தது. பண்டிதருக்கு மாலை, அதிபருக்கு மோதகம், அருந்ததிக்கு முழுப் பாடம். தை பிறக்கமுன் ஆய்வு பேராதனைக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டமும் கிடைத்தது. எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஆய்வு பிறகு புத்தகமாக வந்தது. முதல் பக்கத்தில் நன்றியுரை: "இருபத்தொரு நாள் அருகிருந்து பயன் சொன்ன பண்டிதர் ஐயா அவர்களுக்கு." பண்டிதர் படித்தார். கண் கலங்கியது. புத்தகத்தை மூடிப் பட்டுத் துணியில் சுற்றி, கொடிகாமத்துச் சொந்தக்காரர் வரை கொண்டுபோய், "பிள்ளை என்னைப் பற்றி எழுதியிருக்கிறாள்" என்று வீடு வீடாகக் காட்டினார்.

உண்மைதான். எழுதித்தான் இருந்தாள். இரண்டாம் பக்கத்தில், முதல் ஏட்டுக்கு அப்பால் போகாத ஒருவர் இந்தக் கப்பல் நூலைப் பிள்ளையார் துதியென்று பதிந்து வைத்த கதையையும், அலுமாரியிலுள்ள மற்றக் கட்டுகளை வேறு யாராவது அவிழ்த்துப் பார்த்தால் நல்லது என்பதையும், பெயர் ஊரோடு எழுதியிருந்தாள். புத்தகத்தைக் கையில் வாங்கிய சனம் பக்கத்தைப் புரட்டியது, இருமியது, "நல்லா எழுதியிருக்கிறா ஐயா" என்று பவ்வியமாகத் திருப்பிக் கொடுத்தது. ஊர் முழுக்கத் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. கடைசிவரை அவர் புரட்டவே இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. உங்கள் வீட்டு மேசையிலும் யாரோ உங்களுக்கு நன்றி எழுதித் தந்த புத்தகம் ஒன்று இருக்குமே? அந்த நன்றியை எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறீர்கள்? வாங்கிப் பார்த்தவர்களில் யாராவது இருமினார்களா?

போய் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.