மார்கழிப் பஞ்சர்

டியூபைத் தண்ணீரில் முக்கியதும் இரண்டு இடத்தில் குமிழ் வந்தது. இரட்டைக் குழந்தை என்று சொல்ல வெளியே வரும் நர்ஸைப் போலச் சைக்கிள் கடைக் கபாலி நிமிர்ந்து பார்த்தான்.

"ரெண்டு கீது."

"முந்தாநாள்தானே ஒட்டினே?" என்றாள் நீரஜா.

"அந்த ஒட்டு கல்லு மாதிரி கீது பாரும்மா. இது ரெண்டும் புதுசு."

டயரின் உள்பக்கம் விரலை ஓட்டி, எதையோ பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தான். நீளமான வெள்ளை முள். கருவேல முள்.

"இன்னாம்மா, காட்டு வழியாவா ஆபீசுக்குப் போறே?"

நீரஜா போவது லஸ், ஆழ்வார்ப்பேட்டை, எல்டாம்ஸ் ரோடு, தேனாம்பேட்டை, பாண்டி பஜார் என்று முழுக்கத் தார் ரோடு. பனகல் பார்க் பக்கத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. வருஷக்கணக்காக 12பி பஸ்ஸில் நசுங்கிப் போய் வந்தவள், போன வருஷம்தான் லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கினாள். வீட்டிலும் ஆபீசிலும் அவள் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். யாரும் கூப்பிட முடியாத நேரம் என்று ஒரு நாளில் அவளுக்குக் கிடைத்தது அந்தச் சைக்கிள் சவாரி மட்டும்தான்.

அவள் கணவர் சாய்நாத்துக்கும் தி. நகரில்தான் வேலை, இன்ஷூரன்ஸ் ஆபீசில். அவர் பஸ். தனக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சைக்கிள் விடுகிற வயசா இது என்றுதான் சொல்வார். பல நாள் காலையில் ஆழ்வார்ப்பேட்டை சிக்னலில் 12பி மூச்சு முட்டி நிற்கும். படிக்கட்டில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருப்பார் சாய்நாத். நீரஜா மணியடித்துவிட்டு அவரைத் தாண்டிப் போவாள். அவர் பார்க்காத மாதிரி பார்ப்பார்.

மார்கழி பிறந்ததிலிருந்து இந்தப் பஞ்சர். ராத்திரி காற்றோடு நிற்கிற சைக்கிள், காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது மாடிப்படிக்குக் கீழே தொப்பென்று உட்கார்ந்திருக்கும். அதைத் தள்ளிக்கொண்டு கபாலியிடம் போய், ஒட்டி வாங்கி, மிதித்துக்கொண்டு போவதற்குள் ஆபீசில் லேட்.

கபாலி ஒரு வைத்தியம் சொன்னான். பழைய டயர் ஒன்றின் ஓரத்தை அறுத்துவிட்டு, டியூபுக்கும் டயருக்கும் நடுவில் பட்டையாக வைத்துவிடுவது. யானை முள்ளாக இருந்தாலும் உள்ளே இறங்காது என்றான்.

முள் இறங்கவில்லை. ஆனால் பட்டையின் இரண்டு முனையும் சேர்கிற இடம் புடைத்துக்கொண்டு, சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் 'டொக்' என்றது. நீரஜா அந்த 'டொக்'கோடு லஸ்ஸைக் கடந்தாள். டிசம்பர் சீசன். காலைக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாமா, அவரை அறியாமல் தொடையில் தாளம் போட்டபடி கொஞ்ச தூரம் பக்கத்திலேயே வேகமாக நடந்து வந்தார். காலப்பிரமாணம் சரியாக இருந்திருக்க வேண்டும். தலையைக் கூட ஆட்டினார்.

அந்த வாரக் கடைசியில், எல்டாம்ஸ் ரோட்டு நடுவில், உள்ளே இருந்த பட்டையே டியூபை அறுத்துவிட்டது. நீரஜா மீதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

ஆடிட்டர் ராமானுஜம் யாரையும் கடிந்து பேசாதவர். அதனாலேயே ஆபீசில் எல்லோரும் அவருக்குப் பயந்தார்கள்.

"கிண்டியில ஒரு பம்ப் ஃபேக்டரி கணக்கு வந்திருக்கும்மா," என்றார் அவர், மிக இதமாக. "அங்கேயே உக்காந்து பாக்க ஓர் ஆள் வேணும். இன்னும் ஒரு தடவை உங்களுக்கு நேரமாச்சுன்னா, கிண்டிதான் உங்களுக்கு சௌகரியப்படும்னு நினைச்சுப்பேன்."

கிண்டி என்றால் இரண்டு பஸ். அந்த லாரிகளுக்கு நடுவில் சைக்கிளை நினைத்துப் பார்க்கவே முடியாது. நீரஜா அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராகக் கபாலியிடம் போய், முள்ளே இறங்க முடியாத டயர் உலகத்தில் உண்டா இல்லையா என்று கேட்டாள்.

உண்டு என்றான். காஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிற சைக்கிள்களுக்குப் போடுவது. லேடீஸ் சைக்கிள் அளவில் எங்கிருந்தோ தேடிப் பிடித்து ஒரு ஜோடி கொண்டுவந்தான். விரல் கனத்துக்கு ரப்பர், அதில் பாளம் பாளமாகப் பட்டை. டிராக்டர் போட்ட குட்டி மாதிரி இருந்தது. மட்கார்டுக்குள் அது நுழையவில்லை. கபாலி இரண்டு மட்கார்டையும் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

இதில் நீரஜாவுக்கு ஆச்சரியம், சாய்நாத். "பஸ்ஸுல போயேன்" என்பார் என்று எதிர்பார்த்தாள். அவரோ, "நல்ல டயரா பாத்துப் போடு. காசைப் பாக்காதே," என்றார். தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றவே ஒரு வாரம் யோசிக்கிறவர்.

அடுத்த நாள் ராத்திரி பெய்த மழை காலையில் ஓய்ந்திருந்தது. பாண்டி பஜார் முழுக்கச் சேற்றுத் தண்ணீர். மட்கார்டு இல்லாத சக்கரம் அதை வாரி நீரஜாவின் முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஒரே நேர்கோடாக இழுத்துவிட்டது. சரியான நேரத்துக்கு ஆபீசுக்குள் நுழைந்துவிட்ட பெருமையில் அவளுக்கு அது தெரியவில்லை. ராமானுஜம் தன் நெற்றி நாமத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கபாலிக்கு மட்டும் திருப்தியில்லை. காற்றுப் பார்க்கப் போனபோது குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"நானும் ரோசனை பண்ணிக்கினே கீறேன். ரோட்டு முள்ளு இல்ல இது. யாரோ வேணும்னே குத்துறாங்கோ. வூட்டாண்ட யார் யாரு கீறாங்கோ?"

வீட்டில் இருந்ததே மூன்று பேர். கீழே வீட்டுக்காரி கோமளம் மாமி. மாடியில் நீரஜாவும் சாய்நாத்தும். மார்கழியில் கோமளம் மாமிக்குக் கோலத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் கிடையாது. விடிவதற்கு முன்பே பாதித் தெருவை அடைத்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை வைத்துப் பூசணிப்பூ செருகி, வெயில் ஏறும் வரை வாசலில் நின்று காவல் காப்பாள். பால்காரர் அவளுக்காகவே தெருவின் மறு ஓரமாகப் போகப் பழகியிருந்தார். மாமிக்கு முள் குத்த நேரமேது?

மிச்சம் ஒருவர்தான்.

அந்த நினைப்பு வந்ததும் மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்துகொண்டது. கோயில் வாசலைக் கூட மிதிக்காத சாய்நாத், இந்த மார்கழியில் திடீரென்று விடிகாலைப் பஜனைக்குப் போக ஆரம்பித்திருந்தார். நீரஜா பூரித்துப்போய்ப் பாலவாக்கத்தில் இருக்கும் தன் அம்மா வரை போன் செய்து சொல்லியிருந்தாள். ஒருநாள் முழங்கையில் சிராய்ப்போடு வந்து, அங்கப்பிரதட்சணம் பண்ணினேன் என்றார். அதையும் அம்மாவுக்குச் சொன்னாள். இப்போது யோசித்தால், பாவம் பண்ணினவர்தானே அப்படி உருளுவார்? டயருக்குக் காசைப் பார்க்காதே என்றதும் அதே கணக்கு. நல்ல மனசாட்சி எப்போது அவ்வளவு தாராளமாக இருந்திருக்கிறது?

முள்ளுக்கும் பஞ்சமில்லை. அவள் ஆபீசுக்குப் போகிற பக்கம் இல்லை, தெருவின் மறுகோடியில், காலி மனை ஒன்றுக்கு மாடு நுழையாமல் கருவேல முள்வேலி போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு முள்ளை ஒடித்துக்கொள்ளலாம்.

அன்று இரவு, வாசற்கதவு ஆணியில் மாட்டுகிற சைக்கிள் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். காலையில் சாய்நாத் பஜனைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சுடுத்தா?"

"இன்னிக்கு சுருதி சேரலை," என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

சைக்கிளில் அன்று ஒரு கீறல் இல்லை. நீரஜாவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறவள். ஒருமுறை சரிபார்க்காமல் எதையும் முடிக்க மாட்டாள். மறுநாள் இரவு சாவியைப் பழையபடி ஆணியிலேயே மாட்டினாள்.

காலையில் அவர் பஜனை முடிந்து வந்து காப்பி குடிக்கும்போது அவள் கீழே இறங்கிப் பார்த்தாள். டயர் கல் மாதிரி இருந்தது. ஆனால் ஹேண்டில்பார் கோணிக்கொண்டு சுவரைப் பார்த்தது. மணியின் மூடியைக் காணவில்லை. முள் இறங்காத ஆத்திரத்தில் மனுஷர் கையாலேயே முறுக்கியிருக்கிறார்.

கபாலி பிடுங்கிக் கொடுத்த முட்களையெல்லாம் அவள் ஒரு டம்ளரில் சேர்த்து வைத்திருந்தாள். மாடிக்கு வந்து அந்த டம்ளரை அவருடைய காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அவருடைய வேஷ்டிக் கரையில் செயின் கிரீஸ் கறுப்பாக ஓடியிருந்தது. பஜனையில் எங்கே கிரீஸ்?

"இது என்ன?"

சாய்நாத் எட்டிப் பார்த்தார். "இத்தனையா?" என்றார், உண்மையிலேயே திகைத்துப்போய்.

"உங்களுக்குக் கணக்குத் தெரியலைன்னா நான் வச்சிருக்கேன். ஏன் இப்படிப் பண்ணினேள்?"

அவர் முகம் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டது. "பொங்கலன்னிக்கு நானே சொல்லலாம்னு இருந்தேன்."

"பொங்கலுக்குள்ள நான் கிண்டிக்குப் போயிருப்பேனே. இன்னும் ஒரு நாள் லேட்டானா ராமானுஜம் சார் என்னை அங்கே அனுப்பிடுவார். அதுதானே வேணும் உங்களுக்கு? சைக்கிளும் போச்சு, நானும் பஸ்ஸு."

சாய்நாத்துக்குக் காப்பி புரையேறியது. "கிண்டியா? என்கிட்ட ஏன் சொல்லலை? நீ கிண்டிக்குப் போயிட்டா நான் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் என்னத்துக்கு?"

"பட்ட பாடா," என்றாள் நீரஜா. பெண்டாட்டி சைக்கிளில் முள் குத்துவதை ஒரு மனுஷர் பாடு என்கிறார். அங்கப்பிரதட்சணம் வரைக்கும் நம்பி அம்மாவுக்குப் போன் பண்ணியவள் அவள்.

சாய்நாத் எழுந்தார். எழுந்தபோது லேசாக நொண்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கோமளம் மாமி மூச்சிரைக்க ஏறி வந்து நிலைப்படியில் நின்றாள். வலது கையில் நசுங்கிப்போன ஒரு பூசணிப்பூ. இடது கையில் சைக்கிள் மணியின் மூடி. சாய்நாத்தைப் பார்க்காமல், நேராக நீரஜாவைப் பார்த்துப் பேசினாள்.

"மொட்டை டயரா இருந்தவரைக்கும் நானும் வாயைத் திறக்கலைடி நீரஜா, இந்தப் புது டயர் என் கோலத்துல ரயில் ரோடு மாதிரி அச்சு போடறது, உங்காத்துக்காரருக்கு சைக்கிள் நேரா விட வந்துடுத்து, திரும்பத்தான் வரலை, ஒண்ணு தெருக்கோடி முள்வேலியில போய் நிக்கறார், இல்லேன்னா என் கோலத்துல வந்து விழறார், நாளைலேருந்து பின்னாடி பிடிச்சுண்டு ஓட நீயாவது எழுந்து வரப்படாதா?"