தலைகீழாய்த் தொங்கிய வெண்டைக்காய்

அன்புள்ள மச்சான் கதிர்வேலுக்கு, சிதம்பரத்திலிருந்து சிங்காரம் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா லோகநாயகியும் மொட்டைமாடித் தொட்டிச்செடியும் சுகம். அண்ணாகிராமத்தில் நீயும் தங்கச்சி ஜெயராணியும் முந்திரி, பலா சகலமும் சுகம்தானே? போனில் பேசினால் என் பெண், உன் மருமகள் சத்யப்பிரியா பக்கத்திலேயே நின்று கேட்கிறாள், அதனால்தான் கடிதம்.

காய் என்றாலே வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை. ரத்தம் குறைவு, இப்படியே போனால் ஊசிதான் என்று டாக்டர் சொன்னதால்தானே லீவுக்கு உன் தோட்டத்துக்கு அனுப்பினேன்? நீயும் விதைக்க, தண்ணீர் கட்ட, பறிக்க விட்டாய். வெண்டைக்காயைப் பச்சையாகவே கடித்தாளாம். சந்தோஷம். ஆனால் இங்கே வந்ததும், "நானே செடியிலேர்ந்து பறிச்சாதான் சாப்புடுவேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். மாடியில் இருப்பதோ ஒரே வெண்டைச்செடி, அதுவும் பூவோடு நிறுத்திக்கொண்டது. நான் என்ன செய்வேன்? மார்க்கெட்டில் தைலம்மாளிடம் கால் கிலோ வாங்கி, பிள்ளை எழுமுன் மாடியேறி, பூக்கட்டும் வாழைநாரால் ஒவ்வொன்றாய்ச் செடியில் கட்டித் தொங்கவிட்டேன். (பாகற்காய் வாங்கவில்லை, காரணம் உனக்கே தெரியும்.)

வந்தாள், குனிந்து பார்த்தாள். "அப்பா, வெண்டக்கா வானத்தப் பாத்துதானே நிக்கும்? இது ஏன் கீழ தொங்குது?"

"வெயில் ஜாஸ்திம்மா, களைச்சுப்போச்சு."

"களைச்சா அதுவே நார எடுத்துக் கட்டிக்குமா?"

இனி காயையே தொடமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ கோபிக்கவில்லை. "அப்ப இத யாரு பறிச்சாங்க?" என்று என்னை மார்க்கெட்டுக்கு இழுத்துப்போய், எந்த ஊரு, என்ன மண்ணு, பூ எப்ப விட்டுது என்று ஒரே விசாரணை. பின்னால் நின்றவர்கள் முறைக்கிறார்கள். தைலம்மாள், "நான் விக்கறவ பாப்பா. பறிச்சது எங்க நாத்தனாரு, போன் போட்டுத் தரட்டுமா?" என்று போட்டும் தந்துவிட்டாள். அந்த அம்மா குரலைக் கேட்ட பிறகுதான் அன்றைக்குப் பொரியல் உள்ளே இறங்கியது. இப்போது ஒவ்வொரு காய்க்கும் ஒரு போன், எங்கள் சோறு தினமும் ஆறிப்போகிறது.

ஆகவே மச்சான், பொங்கல் லீவுக்கு வந்தால் அவளைத் தோட்டத்துப் பக்கமே விடாதே. டிவி முன்னால் உட்கார வை. தங்கச்சிக்கு என் அன்பும், உன் பிள்ளைகளுக்கு நோய்நொடி அண்டாதிருக்க ஆசியும்.

இப்படிக்கு,
மார்க்கெட்டில் தலைகாட்ட முடியாத உன் மாமா,
சிங்காரம்

பி.கு.: கவரை ஒட்டுமுன் அவள் படித்துவிட்டாள். "நீ ஏன்ப்பா பாவக்கா வாங்கல?" என்று அதை மட்டும்தான் கேட்டாள். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. பொங்கலுக்கு இருவருமே வருகிறோம், இருவரையுமே தோட்டத்தில் விடு. பாகல் பந்தலில் எனக்கென்று ஒரு கொடி ஒதுக்க வேண்டுமாம். நானே பறித்தால் நானும் சாப்பிட்டுவிடுவேன் என்று பிள்ளை உறுதியாக நம்புகிறாள். தங்கச்சியிடம் சொல்லி, பிள்ளைக்குத் தெரியாமல் கொஞ்சம் வெல்லம் எடுத்து வை.