குப்பிக்குள் செழித்த கடல்குதிரைகள்

ஒரு காட்டில், மரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் பவளங்கள் நின்றன. காற்றுக்குப் பதில் நீரோட்டம் வீசியது. அந்தக் கடற்காட்டின் புல்வெளியில் ஒரே ஒரு கடல்குதிரை மிஞ்சியிருந்தது. மற்றவற்றைப் பாறைப் பொந்தில் குடியிருந்த களவா மீன் தின்றுவிட்டது. கடல்குதிரைகளில் ஆண்தான் பிள்ளை சுமக்கும். இதுவும் வயிற்றுப் பையில் நூறு குஞ்சுகளைச் சுமந்துகொண்டிருந்தது. அவை பிறக்க ஏழு நாள் இருந்தது.

அழியப்போகும் இனம் என்று சான்று கிடைத்தால், களவா புல்வெளிக்குள் நுழையத் தடை போடுவார்கள். கடல்குதிரை கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போனது. அங்கே அதிகாரி ஒரு கணவாய் மீன். சொந்தமாக மை வைத்திருந்ததால் கிடைத்த வேலை.

“ஐயா, எங்க இனத்துல நான் ஒருத்தன்தான் மிச்சம். கொஞ்சம் வந்து பாருங்க.”

“பாக்கிறதெல்லாம் பழைய முறை வே. இப்போ தண்ணிய ஒரு குப்பியில பிடிப்போம். எந்த உயிரா இருந்தாலும் அதோட தோலு, சளி, செதிலு தண்ணியில கலந்திருக்கும். அதுல மரபணுவப் படிச்சா யாரு யாரு இருக்காகன்னு தெரிஞ்சிரும். ஒம்ம வாக்குமூலம் எதுக்கு?”

தண்ணீர் எடுக்க நண்டுகள் போயின. புல்வெளி தூரம். களவாவின் பொந்து வாசலிலோ நிழல் இருந்தது, உபசாரமும் இருந்தது. குப்பியை அங்கேயே முக்கி எடுத்தன.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. கணவாய் மகிழ்ச்சியில் நிறம் மாறியது.

“ஒம்ம ஆளுக அமோகமா இருக்காக வே! குப்பி முழுக்கக் கடல்குதிரைதான். தடை கெடையாது.”

“ஐயா, அது களவா கழிச்சது. அதுல இருக்கிறது எங்க அண்ணன், எங்க சித்தப்பா, இந்தக் குஞ்சுகளோட ஆத்தா.”

“குடும்பமே ஒண்ணாத்தானே இருக்கு? பொறவு என்ன குறை? உயிரோட இருக்கிறவன், செத்தவன்னு குப்பி பேதம் பாக்காது.”

“நீங்களாவது பாக்கக் கூடாதா?”

“அதுக்குப் படிவத்துல எடம் இல்ல.”

கடல்குதிரை திரும்பியது. அதற்கு வேகமாக நீந்த வராது. வழியில் களவா வாயைத் திறந்தது. புல் சற்று நேரம் அசைந்தது. பிறகு, அசைவதற்கும் காரணம் இல்லை.

அடுத்த குப்பியில் கடல்குதிரையின் தடயம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியிருந்தது. இனத்தைப் பெருக்கியதற்காகக் களவாவுக்கு விழா எடுத்தார்கள். கணவாய் சிப்பி மாலை போட்டது.

“அண்ணாச்சி மட்டும் இல்லன்னா, இப்படி ஒரு இனம் இருக்கிறதே தெரிஞ்சிருக்காது!”

“ஏதோ, நம்மால முடிஞ்சது,” என்றது களவா, வயிற்றைத் தடவியபடி.

நீதி: பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் வயிறுதான், யாருடைய வயிறு என்று படிவம் கேட்பதில்லை.